ரெட்வுட் காட்டில் ஆர்.வி. முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கலிபோர்னியாவின் வடகோடியில், யுரேக்காவைத் தாண்டி 101-ஆம் நெடுஞ்சாலையில் போனால் ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறுபக்கம் முன்னூறடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ரெட்வுட் மரங்கள். அரிசோனாப் பாலையில் ஒரு மாதம் முணுமுணுக்காமல் உழைத்த ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பயண வண்டி), இங்கே வந்த முதல் இரவிலேயே படுத்துக்கொள்ளும். ஹீட்டர் பற்றாது. குளிர்பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். விடிந்தால் ஜன்னலில் தண்ணீர் வழியும். பதறிப்போய் உதிரி பாகம் வாங்க ஓடியவர்களில் நானும் ஒருவன். வாங்கிய பாகம் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

வண்டிகள் இங்கே கெடுவது குறைவு. நிழல், ஈரம், சாய்வு என்ற மூன்றும் சேர்ந்து அவற்றைப் பாடாய்ப்படுத்துகின்றன. ஜெடடையா ஸ்மித், மில் கிரீக், எல்க் பிரெய்ரி, கோல்ட் பிளஃப்ஸ் பீச் ஆகிய நான்கு மாநிலப் பூங்கா முகாம்களிலும் மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. வண்டி தன் பேட்டரியையும் தன் தொட்டியையும் நம்பித்தான் வாழ வேண்டும். ஆகவே வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், கொத்தனார் வைத்திருப்பதுபோல ஒரு சிறிய ரசமட்டம், நீளக் கைப்பிடித் துடைப்பம் ஆகிய மூன்றையும் கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

(ரெட்வுட்டைச் சிலர் 'செம்மரம்' என்று எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் செம்மரம் என்றால் ஆந்திர மலைகளில் இருந்து கடத்தப்படும் வேறொரு மரம். குழப்பம் வேண்டாம், ரெட்வுட் ரெட்வுட்டாகவே இருக்கட்டும்.)

நள்ளிரவில் ஹீட்டர் விசிறி ஓடுகிறது, சூடு வரவில்லை

இந்தக் கரையில் கோடையிலும் இரவு 10 டிகிரிக்கு அருகே இறங்கும். ஆகஸ்ட் மாதம்தானே என்று போர்வையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லை இது.

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை உயர்த்தியதும் முதலில் விசிறி சுழலும். அரை நிமிடத்துக்குள் 'டிக் டிக்' என்று பொறி தட்டும். பிறகு 'புஸ்' என்று தீப்பிடிக்கும். இந்த மூன்று ஒலிகளில் எது வரவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

விசிறியே சுழலவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்தது தெர்மோஸ்டாட். அதிகம் யோசிக்க வேண்டாம்.

விசிறி சுழல்கிறது, பொறி தட்டும் ஒலி இல்லை. இதுதான் இந்தக் காட்டுக்கே உரிய கோளாறு. ஹீட்டருக்குள் காற்றோட்டத்தை உணரும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. விசிறி போதிய வேகத்தில் காற்றைத் தள்ளினால்தான் அந்தத் தகடு சாய்ந்து அடுத்த இணைப்பைக் கொடுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் விசிறி சுழலும், ஆனால் தகடு அசையாது. நமக்கோ விசிறி ஓடுகிறதே, பேட்டரியில் குறையில்லை என்று தோன்றும். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 11.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஹீட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை, பேட்டரியைக் கவனியுங்கள். வோல்ட் சரியாக இருந்தால், ஹீட்டர் காற்றை உள்ளிழுக்கும் சல்லடைக்கு முன்னால் யாராவது பயணப்பையைச் சாய்த்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் அது ஒரு அரிசி மூட்டை.

பொறி தட்டுகிறது, தீப்பிடிக்கவில்லை என்றால் சிலிண்டரில் இருந்து எரிவாயு (புரொப்பேன்) வரவில்லை. முதலில் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் சிலிண்டர் காலியாக இருக்கலாம். அல்லது வால்வைச் சட்டென்று திறந்திருப்பீர்கள். அப்படித் திறந்தால், குழாய் வெடித்துவிட்டதோ என்று நினைத்து உள்ளேயுள்ள பாதுகாப்பு அமைப்பு வாயுவை அடைத்துவிடும். வால்வை மூடி, ஓரிரு நிமிடம் காத்திருந்து, மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். பல ஹீட்டர்கள் மூன்று முறை முயன்று தோற்றால் தாமாகவே பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டால்தான் மறுபடி முயலும்.

எதுவுமே பலிக்கவில்லை, விடிய நான்கு மணி நேரம் இருக்கிறது என்றாலும் சமையல் அடுப்பைக் குளிர்காயப் பற்றவைக்காதீர்கள். அடுப்பின் புகைக்கு வெளியே போகும் குழாய் இல்லை. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை பொறுத்திருங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறது, பேட்டரி ஏறவில்லை

சோலார் தகட்டில் கோளாறு இல்லை, தலைக்கு மேலே மரம் இருக்கிறது. ரெட்வுட் நிழலில் நண்பகலிலும் விளக்கு வைக்கத் தோன்றும். மரம் வழிவிடும் இடத்தில் மூடுபனி வந்து நிற்கும். அந்த மூடுபனியால்தான் இந்தக் காடே இருக்கிறது. மழையே இல்லாத கோடை மாதங்களில் ஊசியிலைகள் பனியைச் சீவி எடுத்துக் குடிக்கின்றன. மரம் பிழைக்கிற அதே காரணத்தால் நம் சோலார் பட்டினி கிடக்கிறது.

கணக்கு எளியது. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம், அதற்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். ஹீட்டர் விசிறி ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 போய்விட்டது. விளக்கு, தண்ணீர் பம்ப், அலாரங்கள், தொலைபேசிகள் எல்லாம் சேர்ந்து மீதியை முடித்துவிடும். ஒரே இரவுதான்.

எதையும் இயக்காமல் சற்று நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் நிறைவு, 12.2 பாதி, 12.0 ஆபத்து. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது கடைசிவரை வோல்ட்டைக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று கைவிரிக்கும். அதற்குத் தனி மானி தேவை.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு சொல். கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் ஜெனரேட்டரைக் காலை 10 முதல் இரவு 8 வரை மட்டுமே ஓட்டலாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேட்டரி செத்தால் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் மாலையில், சமையலுக்கு முன்பே ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டிவிடுங்கள். ஈய பேட்டரி கடைசி 20 விழுக்காட்டை ஏற்றிக்கொள்ள மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதை முழுமையாக்கியே தீருவேன் என்று உட்கார்ந்து பெட்ரோலை எரிக்காதீர்கள். மூன்று இரவுக்கு மேல் தங்குவதாக இருந்தால், நடுவில் ஓர் இரவு பக்கத்து ஊர்களான கிளாமத்திலோ கிரசென்ட் சிட்டியிலோ மின் இணைப்புள்ள தனியார் முகாமில் போட்டுவிடுவது என் வழக்கம். பேட்டரிக்கும் நல்லது, துவைக்காத துணிக்கும் நல்லது.

குளிர்பெட்டி குளிரவில்லை

முதலில் ரசமட்டத்தைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். பழைய வகைக் குளிர்பெட்டிகளில் பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு சிறு தீச்சுடர் அமோனியாக் கரைசலைச் சூடாக்குகிறது. அமோனியா ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து, தன் எடையாலேயே குழாய் வழியாகக் கீழே வழிகிறது. வண்டி சாய்ந்திருந்தால் வழியவேண்டியது எங்காவது தேங்கிவிடும். தேங்கிய நிலையில் சுடர் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளேயிருக்கும் துருத்தடுப்புப் பொருள் படிந்து குழாயையே அடைத்துவிடும். அப்புறம் குளிரூட்டும் பகுதி முழுவதையும் மாற்றவேண்டியதுதான்.

இந்த முகாம்களில் சமதளம் என்பது அதிர்ஷ்டம். மரத்தின் வேர் எங்கே மேடு தட்டியிருக்கிறதோ அங்கே உங்கள் சக்கரம் நிற்கும். பலகைகளைச் சக்கரத்தின் கீழே கொடுத்து மட்டம் பாருங்கள். உள்ளே நடக்கும்போது சாய்வு காலுக்குத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குளிர்பெட்டிக்கும் போதும். மட்டம் சரிசெய்த பிறகும் பொறுமை வேண்டும், முழுதும் குளிர ஓர் இரவு ஆகும்.

மட்டம் சரியாக இருந்தும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மறுபடி பேட்டரிக்கு வாருங்கள். புரொப்பேனில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் வேண்டும். புதிய வண்டிகளில் கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் குளிர்பெட்டி வருகிறது. அதற்குச் சாய்வைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் இரவெல்லாம் பேட்டரியைத் தின்னும். நிழலில் எது மேல் என்று கேட்டால், நான் பழையதற்கே வாக்களிப்பேன்.

விடிந்ததும் ஜன்னல், மெத்தை, அலமாரி எல்லாம் ஈரம்

ஒழுகலா, மூச்சு ஈரமா என்று முதலில் பிரித்தறியுங்கள். எல்லா ஜன்னலிலும், கூரையின் எல்லா மூலையிலும் சமமாகத் துளித்திருந்தால் அது உள்ளேயிருந்து வந்த ஈரம். ஒரே இடத்தில், பழுப்பேறிய கறையோடு, மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் ஒழுகல். ஒழுகலுக்குப் பெரும்பாலும் கூரை ஓரத்து வடிகாலில் சேர்ந்த ஊசியிலைக் குப்பை காரணமாக இருக்கும். தண்ணீர் வழிய இடமில்லாமல் தேங்கி, தளர்ந்த ஒட்டுப்பசை வழியாக உள்ளே இறங்குகிறது. துடைப்பத்தால் தள்ளுங்கள். பசையை வீட்டுக்குப் போய்ப் பூசலாம்.

மூச்சு ஈரத்துக்கு மருந்து குளிருக்குப் பழகாத நமக்குப் பிடிக்காதது: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். கூரைத் துவாரத்தில் இரண்டு விரல் இடைவெளி, எதிர்ப்பக்க ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி. ஹீட்டரின் புகை குழாய் வழியாக வெளியே போய்விடுவதால் அதன் சூடு உலர்ந்த சூடு. சமையல் அடுப்பு அப்படி இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வண்டிக்குள்ளேயே வந்து சேரும். இதற்கு மேல் நம் வீட்டுச் சமையலும் இருக்கிறது. ஒரு காலையில் ஆளுக்கு நான்கு என்று இட்லி வேகவைத்தோம். அன்று மாலை அலமாரிக் கதவின் உட்புறத்தில்கூட நீர் கோத்திருந்தது. இப்போது இட்லிப் பானை வெளியே மேசை மீது, தனி அடுப்பில்.

மெத்தையைத் தினமும் ஒருமுறை தூக்கிச் சாய்த்து வையுங்கள். பலகை மேல் நேராகக் கிடக்கும் மெத்தையின் அடியில் உடல் சூடும் பலகைக் குளிரும் சந்தித்து நனைந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் பூஞ்சை கறுப்பாகப் புள்ளி வைத்துவிடும்.

அலாரம் கத்துகிறது

தாளிப்பில் கடுகு வெடித்த வேளை என்றால் புகை அலாரம். அதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்று மூன்றாக ஒலித்தால் புகை, நான்கு நான்காக ஒலித்தால் கார்பன் மோனாக்சைடு. நான்கு ஒலி கேட்டால் ஆராய்ச்சி வேண்டாம், எல்லோரும் வெளியே போங்கள். பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகை உங்கள் ஜன்னல் வழியாக வந்திருக்கவும் கூடும். தரையை ஒட்டி இருக்கும் பெட்டி புரொப்பேனுக்கானது, அந்த வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். அது விடாமல் கத்தினால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

இடைவெளி விட்டு ஒற்றைக் 'கீச்' மட்டும் என்றால் பேட்டரி தளர்ந்த புலம்பல், அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்த அறிவிப்பு. பின்பக்கத்தில் தேதி அச்சிட்டிருக்கும். தூக்கம் கெடுகிறது என்று கம்பியைப் பிடுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒரே வண்டியில் தூங்க மாட்டேன்.

உள்ளே சாக்கடை நாற்றம்

கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். தெற்கே லெகெட் என்ற ஊரில் இருந்து ஒன்றாம் நெடுஞ்சாலையில் கடற்கரைக்கு இறங்கி வந்தீர்களா? அந்தக் கொண்டையூசி வளைவுகளில் வண்டி குலுங்கும்போது, கழுவுதொட்டிக்கும் குளியலறைக்கும் அடியில் வளைந்த குழாயில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீர் சிதறிப் போய்விடுகிறது. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் நாற்றம் போகும். போகாவிட்டால் கழிப்பறைக் கிண்ணத்தின் அடி வளையத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் தொட்டி. 'முக்கால் நிறைவு' என்று காட்டும் மானியை நம்பவேண்டாம், உள்ளே ஒட்டிய காகிதத்தையும் அது நிறைவு என்றே சொல்லும்.

டிரெய்லரின் பின்விளக்கு மங்குகிறது, அல்லது ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எரிகிறது

உப்புக் காற்று. கடலோர முகாமில் மூன்று நாள் நின்ற டிரெய்லரின் ஏழுமுனைச் செருகியைத் திறந்து பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். பல்பை மாற்றுவதற்கு முன் செருகியின் முனைகளைத் தேய்த்துத் துடையுங்கள். அடுத்து, வெள்ளைக் கம்பி வண்டியின் சட்டத்தோடு சேரும் திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி முடுக்குங்கள். இடக்கண் சிமிட்டினால் வலக்கண்ணும் சேர்ந்து சிமிட்டும் விசித்திரமெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு திருகால்தான். வீடு திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஸ்லைடு உள்ளே வர மறுக்கிறது

வண்டி நின்றதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதிதான் ஸ்லைடு. அதன் விசையை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள். மேலே ஏறிப் பாருங்கள்: சுள்ளி, ஊசியிலை, ஈரக் குப்பை. அப்படியே உள்ளே இழுத்தால் ஓர ரப்பர் கிழியும். பெருக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். மேலே சுத்தமாக இருந்தும் ஆமைபோல நகர்ந்தால், பேட்டரிதான், வேறென்ன.

ஒதுக்கிய இடத்தில் வண்டி நுழையவில்லை. வழிகாட்டிச் செயலி மண்சாலையைக் காட்டுகிறது

இதைச் சரிசெய்யும் இடம் வீடு. இந்த முகாம்கள் இன்றைய நாற்பதடி வண்டிகளை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை அல்ல. முன்பதிவு செய்யும்போது ஒவ்வோர் இடத்துக்கும் நீள வரம்பு போட்டிருப்பார்கள். விற்றவர் சொன்ன நீளத்தை எழுதாமல், இழுவைக் கொக்கியில் இருந்து பின்னால் தொங்கும் சைக்கிள் வரை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். கோல்ட் பிளஃப்ஸ் பீச்சுக்குப் போகும் டேவிசன் சாலையில் டிரெய்லருக்கே அனுமதி இல்லை. மோட்டார் வண்டியானாலும் 24 அடி நீளம், 8 அடி அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

ஹவ்லண்ட் ஹில் சாலை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்பாதை, அடிமரங்கள் சக்கரத்தை உரசும் அளவுக்கு நெருக்கம். கிரசென்ட் சிட்டியில் இருந்து ஜெடடையா ஸ்மித் பக்கம் போகக் குறுக்குவழி என்று செயலி அதைக் காட்டக்கூடும். ஆர்.வி.க்கும் டிரெய்லருக்கும் ஏற்ற பாதை அல்ல அது. காட்டுக்குள் அலைபேசிக் கோபுரம் எட்டாது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பெரிய மரங்களுக்கு நடுவே பெரிய வண்டியிலேயே போகவேண்டும் என்றால், பிரெய்ரி கிரீக் வழியே போகும் நியூட்டன் பி. டிரூரி தார்ச்சாலையும், தெற்கே ஹம்போல்ட்டில் 50 கிலோமீட்டர் நீளும் 'அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்' சாலையும் இருக்கின்றன. திரும்பும்போது வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மரம் விலகாது.

கதவைத் திறந்தால் எல்க் நிற்கிறது

மூடிக்கொள்ளுங்கள். எல்க் பிரெய்ரியின் ரூஸ்வெல்ட் எல்க்குகள் என்ற பெரிய மான்களிடம் இருந்து குறைந்தது 75 அடி தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். இலையுதிர்காலத்தில் ஆண் எல்க் யாருக்கும் அடங்காது. தேநீர் ஆறினாலும் பரவாயில்லை.

வெளியே மேசையில் சாப்பிட்டால் பருக்கைகூட விடாமல் துடைத்தெடுங்கள். கரடிக்காக மட்டும் சொல்லவில்லை. சிந்திய தீனிக்கு நீல நிற ஸ்டெல்லர் ஜே பறவைகள் கூட்டமாக வரும். வந்தவை மேலே கிளைகளிலும் தேடும். அங்கே மார்பிள்டு மர்ரெலெட் என்ற அருகிவரும் கடற்பறவை, முதிர்ந்த ரெட்வுட்டின் பாசி படர்ந்த கிளையில் ஒரே ஒரு முட்டை இட்டு வைத்திருக்கும்.

வண்டி ஆடுகிறது

பிள்ளைகள் மேல் படுக்கையில் இருந்து குதித்தால் ஆடும். தாங்கு கால்கள் ஈரமண்ணில் புதைந்துவிட்டாலும் ஆடும். காலுக்கடியில் பலகை வைத்து மறுபடி இறுக்குங்கள். காற்று என்றால் மேல்கிளைகளைப் பாருங்கள். பலத்த காற்றில் அந்த உயரத்தில் இருந்து முறிந்து விழும் கிளை கூரையைத் துளைக்கும், முகாம் அலுவலரிடம் சொல்லி இடம் மாறிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தூங்குகிறார்கள், காற்றும் இல்லை, ஆனால் தொங்கும் விளக்கு ஊசலாடுகிறது என்றால் நிலம் ஆடுகிறது. கடற்கரையில் வலுவாகவோ நீண்ட நேரமோ ஆடினால் அலாரத்துக்கும் அறிவிப்புக்கும் காத்திருக்காதீர்கள். ஆட்டம் நின்றதும் செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி நடங்கள். வண்டியை இணைத்து, மட்டப் பலகையை எடுத்து, ஸ்லைடை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆட்டமே தெரியாமலும் வரலாம். 1964 மார்ச்சில் அலாஸ்காவில் நிலம் நடுங்கியது, சில மணி நேரத்தில் கிரசென்ட் சிட்டியை ஆழிப்பேரலை தாக்கி 11 பேரைக் கொன்றது. முதல் அலை வடிந்ததும் முடிந்துவிட்டது என்று கடைகளைப் பார்க்கத் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. நான்காவது அலைதான் மிகப் பெரியது. ஆகவே மேட்டிலேயே இருங்கள். அதிகாரிகள் திரும்பலாம் என்று அறிவிக்கும்வரை வண்டியை எட்டிப் பார்க்கக்கூட இறங்க வேண்டாம்.